பீலிப் படிக்கு ஒரு கைப்பிடி

புது பேனரின் நெடி இன்னும் போகவில்லை. ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கும் படிக்கட்டின் தலைமாட்டில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டு, உன் முகத்தைக் கட்டியிருக்கிறார்கள், அக்கா. கீழே ‘தன்னம்பிக்கையின் சிகரம்’ என்று எழுத்து. படத்தில் ஊன்றுகோலை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அதுதானே முக்கியம்.

கொழுந்து பறிக்கப் போன தேயிலை மலையில் மண் சரிந்து உன் வலது கால் போன பிறகு நீ கேட்டது இந்தப் பாசி பிடித்த படிகளுக்கு ஒரு கைப்பிடி. தோட்டத்துத் துரை பார்த்துக்கொள்வார் என்றார் சங்கத் தலைவர். தலைவர் எதுவும் சொல்லவில்லையே என்றார் துரை. சால்வை போர்த்த மட்டும் இரண்டு பேரும் தவறாமல் வந்தார்கள்.

“நான் படியேறுறத பாக்க வேன் புடிச்சி வர்றாங்கடி. ஒரு கம்பி நட ஒருத்தரும் வரல” என்று சிரிப்பாய். நான் சிரிக்காவிட்டால், “கெம்பசுக்குப் படிக்கப் போனதுலேர்ந்து ஒன் மூஞ்சி இப்புடித்தான்” என்பாய்.

தலவாக்கலையில் நடந்த அந்தப் பாராட்டு விழாவை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. மேடைக்கு உயரமான படிகள். உன்னைத் தாங்கிக்கொள்ள எழுந்தேன். மைக் பிடித்திருந்தவர் கையை நீட்டித் தடுத்தார்.

“விடுங்க டீச்சர். அவங்களே ஏறட்டும். பிள்ளைங்க பாத்துப் படிக்கணும்.”

கைபேசிகள் உயர்ந்தன. நீ முதல் படிக்குக் கீழே நின்று, ஊன்றுகோலைச் சரி செய்துகொண்டு, நிதானமாகச் சொன்னாய்: “சால்வைய கீழ கொண்டாங்க சேர். எனக்கு மேல ஒரு வேலையும் இல்ல.”

அவர் இறங்கி வந்தார். வேட்டி தடுக்கியது.

போன மழையில் இதே பீலிப் படியில் வழுக்கி விழுந்தாய். குடம் அடிவரை உருண்டதாம். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. மரண வீட்டில் ஆளுக்கு ஆள் உன் மனவலிமையைப் புகழ்ந்தார்கள். படியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனவலிமைக்குச் சீமெந்து தேவையில்லை, பாவம், கைக்காசு போகாத பேச்சு.

இன்று காலை அந்தப் படியின் தலைமாட்டில் எனக்கும் கால் வழுக்கியது. கை தானாக உன் பேனர்க் குழாயைப் பற்றியது. குழாய் அசையவில்லை. குழி தோண்டி, கொங்கிரீட் போட்டு நட்டிருக்கிறார்கள். இவ்வளவு நன்றாக நடத் தெரிந்தவர்களைத்தான் நீ இத்தனை வருடமாகக் கெஞ்சியிருக்கிறாய்.

அடுத்த கிழமை நினைவுக் கூட்டமாம். நீ எங்களுக்கெல்லாம் எப்படி முன்மாதிரி என்று நான் பேச வேண்டுமாம், அதே மேடையில். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஏறப்போவதில்லை. மைக்கைக் கீழே கொண்டுவரச் சொல்வேன். நீ நின்ற இடத்திலேயே நின்று, அந்தக் கைப்பிடியைக் கேட்பேன்.