அடுத்த கடை

அக்டோபர் 3, 1954, ஞாயிறு
கொட்டகலையிலிருந்து ஹட்டன் போகும் பஸ்கள் என் ஜவுளிக் கடை வாசலில் சேற்றை வாரியிறைத்துவிட்டுப் போயின. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் சுற்றுவட்டத்து நான்கு தேயிலைத் தோட்டங்களும் அவற்றுக்குள்தான் இருந்தன. பஸ் படியில் தொங்கிக்கொண்டு போன தோட்டத்து மூக்கன் கையசைத்தான். இன்றைய வியாபாரம் அந்தக் கையசைப்பு.

ஹட்டனில் ஆறு ஜவுளிக் கடைகள் ஒரே தெருவில் தோளோடு தோள் இடிக்கின்றன. நான் தோட்டங்களுக்கு நடுவில், ரோட்டு வளைவில், போட்டியே இல்லாத இடமாகப் பார்த்துக் கடை வைத்தேன். யோசித்தால் எவனுக்கும் விளங்கும். யோசிக்கத்தான் ஆளில்லை.

ஹட்டனில் ஹலீமின் ஜவுளிக் கடைக்குப் பக்கத்துக் கடை அறை காலி என்கிறாள் என் மனைவி பூரணி. ஹலீம்! ஐந்து வருடத்துக்கு முன், ஹட்டன் இலக்கியச் சங்கக் கூட்டத்தில் நான் பேசும்போது வாயைக்கூடப் பொத்தாமல் கொட்டாவி விட்டவன். அவன் பக்கத்திலா?

அக்டோபர் 6
பூரணியின் அண்ணன் கந்தப்பன் வந்தான். தோட்டத்துப் பெரிய கிளாக்கர். "தீபாவளி வரைக்கும் பாருங்க மாப்ளே. ஓடலேன்னா ஆபீஸ்ல எனக்குக் கீழ ஒரு மேசை இருக்கு." 'எனக்குக் கீழ' என்பதை இரண்டு முறை சொன்னான். துரையோடு சண்டை போட்டு, கிளாக்கர் வேலையை நான் உதறிவிட்டு வந்த அதே ஆபீஸ்! அதற்குக் கொத்மலை ஓயாவில் குதிக்கலாம். ஆனால் தண்ணீர் ரொம்பக் குளிரும்.

அக்டோபர் 10
ஒருத்தி பஸ்ஸை விட்டு இறங்கினாள்! கொழுந்து பறிக்கும் அழகம்மா. அரக்குச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். பிடித்துவிட்டது. பேரம் பேசினாள். பிறகு, "அடுத்த கடையில பாத்துட்டு வர்றேங்க" என்று வெளியே போனாள்.

வாசலில் நின்றாள். இடது பக்கம் தேயிலை. வலது பக்கமும் தேயிலை.

"அடுத்த கடை எங்கம்மா?"

"அதானுங்களே ஐயா!"

"இன்னும் கொறைச்சுத் தர்றேன், எடுத்துக்க."

"நாலு கட ஏறி எறங்காம எடுத்தா லயத்து வீடுகள்ல சிரிப்பாங்கய்யா. போயிட்டுத் திரும்பி வந்தாத்தான் மனசு ஒப்பும்."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

அக்டோபர் 11
காலை முழுவதும் அவளைத் திட்டினேன். மத்தியானம் ஒரு சந்தேகம் — அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒரு பஸ் பயணத்தில் சாமி கும்பிட வேண்டும், படம் பார்க்க வேண்டும், சேலையும் எடுக்க வேண்டும். கோபித்துக்கொண்டு படியிறங்கினால் ஏறுவதற்கு இன்னொரு படி வேண்டும். என் கடையில் எல்லாம் இருக்கிறது, அடுத்த கடையைத் தவிர. லண்டன் மெட்ரிகுலேஷன் தேறிய மண்டை இது. சே!

அக்டோபர் 13
ஹலீமிடம் போனேன். ஆம், போனேன்.

"வாங்க கிளாக்கரய்யா! நீங்க வந்தா எனக்கும் நல்லம். இந்த அறை பூட்டினதிலருந்து, தெரு இதோட முடிஞ்சுதுன்னு சனம் திரும்பிடுது. என்ட கடைப் பக்கமே வாரதில்ல." சொல்லும்போதே ஒரு கொட்டாவி. இரண்டாவது. குறித்துவைக்கிறேன்.

அக்டோபர் 17
ஹட்டன் கடைக்குச் சாமான் ஏற்றினோம். பூரணி சிரித்தாள். எதற்குச் சிரிப்பு?

அக்டோபர் 24, ஞாயிறு
சாப்பிட நேரமில்லை. அழகம்மா வந்தாள். அதே அரக்குச் சேலை. கோபித்துக்கொண்டு இறங்கினாள், ஹலீம் கடையில் ஏறினாள், அங்கும் கோபித்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "பாத்தீங்களாய்யா, எப்படிக் கொறைச்சேன்!" — பழைய வளைவுக் கடையில் நான் கடைசியாகச் சொன்ன அதே விலை.

கந்தப்பனும் வந்தான். மேசைப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வேட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு ஹலீம் கடைக்குப் போனான், அங்கேயே எடுத்துக்கொண்டான். இதையும் குறித்துவைக்கிறேன்.

நவம்பர் 5, வெள்ளி
ஜும்மா தொழுகைக்குப் போன ஹலீம் இன்னும் கடை திறக்கவில்லை. லிந்துலையிலிருந்து வந்த ஓர் அம்மாள் என்னிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு படியிறங்கினாள். அடைத்த பலகையைப் பார்த்து நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அடுத்த கட பூட்டியிருக்குங்களே!"

ஓடிப்போய்ப் பள்ளிவாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டேன்.

"செத்த உக்காரும்மா. ஹலீம் நானா இப்ப வந்துருவாரு."