ஒரே ராத்திரியில் விழுந்த சடை

மே 17, சனி

கச்சான் காற்று. காலையிலேயே அடுப்படியில் நிற்பதுபோல் முகம் எரிகிறது. வலையிறவுப் பாலத்தில் ஸ்கூட்டி ஆட்டம். ஹெல்மெட் தலைக்குள் போகமாட்டேன் என்கிறது. பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்.

மாசியில் ட்ரெட்லாக்ஸ் சடை போடத் தொடங்கிய தலை. இன்றைய நிலவரம், ஒளிக்காமல்:

– பின்பக்கத்துச் சடைகள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன.
– முன்பக்கத்தில் இரண்டு, முழுகியதும் அவிழ்ந்து பழையபடி நேர்முடி.
– நுனி ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. கூட்டுகிற தும்புத்தடி மாதிரி விரிந்து நிற்கிறது.
– இடுப்பு வரை இருந்தது தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. சுருங்குமாம்.
– கடி. சொறிந்து முடியாத கடி.

மூன்று மாதத்தில் எல்லாம் திரண்டுவிடும் என்றாள் யூடியூபில் சடை போடக் காட்டித்தந்த வீடியோக்காரி. அவளுக்குப் பிறவியிலேயே சுருள்முடி. அதைச் சொல்லவில்லை, பொய்க்காரி.

பின்னேரம் தன்னாமுனை. ஜெனி வீடு. பள்ளிக்கூடச் சிநேகிதி, சலூன் வேலை பழகியவள். என் தலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சீப்பால் எதிர்ப்பக்கம் வாரி, கம்பளி பின்னுகிற கொக்கி ஊசியால் குத்திக் குத்தி இழுத்து இதைத் தொடக்கிவைத்தவள் அவள்தான்.

"இன்னும் எத்தின நாள்கா?"

"நாளா? வருசத்தக் கேளு. உன்ட முடிக்கு ஒண்டரை வருசம் செல்லும். அது மட்டும் பேய் மாதிரித்தான் இருப்பாய். முதலே சொன்னனான்தானே."

சொன்னாள்தான். எனக்குத்தான் காது அடைத்திருந்தது.

"மெழுகு கிழுகு பூசாத. நல்லா முழுகு, நல்லா காயவிடு. அழுக்கு முடி இறுகாது. மறுகா, சும்மா சும்மா தொட்டுப் பாக்காத."

வாங்க: ஷாம்பூ (வாசனை இல்லாதது), கொக்கி ஊசி சின்னது, பருப்பு.

மே 20, செவ்வாய்

ஸ்டூடியோவில் ஆல்பம் வேலை குவிந்து கிடக்கிறது. நாள் முழுக்கக் கல்யாணப் பெண்களின் தலைக்குக் கணினியில் முடி சேர்க்கிறேன். ஏறாவூர்ப் பெண் ஒருத்திக்கு நெற்றி ஓரம் முடி மெல்லியதாம், நிரப்பவேண்டுமாம். நிரப்பினேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஆக்கள் வந்தா நீ உள்ளுக்கே இரு புள்ள. பயந்திருவாங்க."

வீட்டில் அம்மா. இன்று முழுக்க என்னோடு பேசியது நான்கு வார்த்தை. "தலயப் பாக்க வயிறு எரியுது."

நேற்று மூதேவி. அதற்கு முதல்நாள் காகக்கூடு. வேலியில் நின்ற ஆட்டைக் காட்டி, அதுகூட உன்னைவிட வடிவு என்றார். வடிவான ஆடுதான், அதையும் சொல்லவேண்டும்.

ஏன் செய்தாய், ஏன் செய்தாய். கேட்காத ஆள் இல்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். போன வருடம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா பின்னலை அவிழ்க்கச் சொன்னாள். ஒட்டுமுடி வைத்திருக்கிறேனா என்று பார்க்கவாம். அவிழ்த்தேன். அடியில் பிடித்து ஒரு இழுவை இழுத்துப் பார்த்தாள். "ஒறிஜினல்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். வடையைப் பரிமாறிக்கொண்டே சிரித்தார்.

அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் தவறிப்போனது. எனக்குக் கோபம் மட்டும் போகவில்லை. என் தலை எனக்கு வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

மே 24, சனி

பக்கத்து வீட்டு யோகம் மாமி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மகள் தர்ஷினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். என்னோடு ஒரே வகுப்பு. சித்திரை வருடப் பிறப்புக்கு முதல் கடைசியாகப் பேசினாள். "சாப்பாடு தாறாங்க இல்லம்மா" என்றாளாம், அத்தோடு போன் அறுந்தது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. அனுப்பிய ஏஜென்ட் இன்றைக்கு, நாளைக்கு என்று கதை சொல்கிறான்.

மாமாவிடம் நேரே சொன்னேன். "கொழும்புக்குப் போங்க மாமா. போய் முறைப்பாடு குடுங்க. பாஸ்போட் கொப்பி, அவ வேல செய்யிற வீட்டு நம்பர் எல்லாத்தையும் கொண்டு போங்க. அந்த ஏஜென்ட நம்பிக்கொண்டு இருக்காதீங்க."

"அவன் என்ட ஒண்டவிட்ட தம்பி. அவன் பாப்பான். முறைப்பாடு குடுத்தா ஊருக்குள்ள என்ன கதைப்பாங்க? நீ முதல்ல உன்ட தலய இழுத்துக் கட்டு. குமர்ப்புள்ள மாதிரி இரு."

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் எழும்பி வந்துவிட்டேன். சொந்த மகளுக்குச் சோறு இல்லையாம், இவர் என் தலையைப் பார்க்கிறார்.

மே 31, சனி

முழுகினேன். இன்னொன்று அவிழ்ந்தது. மற்றவை முன்பைவிட இறுக்கம். ஜெனி சொன்னது சரி. உச்சியில் புதிதாக வளர்ந்த முடி நிமிர்ந்து நிற்கிறது. ஊசி போட ஒரு மணித்தியாலம். தோள்மூட்டு விட்டுப்போச்சு.

அம்மன் கோயில் சடங்கு தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி.

ஜூன் 4, புதன்

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும். நாளைக்கு எனக்கே நம்பமுடியாமல் போகலாம்.

அம்மா அழுது அழுது கேட்டதால் அம்மன் கோயில் சடங்குக்குப் போனேன். தலையைச் சால்வையால் மூடிக்கொண்டுதான். உடுக்குச் சத்தம், நெருக்கம், சாம்பிராணி. அம்மன் உருவேறி ஆடுகிற தேவாதி, பெண்கள் நின்ற வரிசையில் வந்தார். எல்லோர் தலையிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலையை வைத்து, "என்ட புள்ள" என்றார். எல்லோருக்கும் அதுதான். எனக்கு முன்னால் நின்ற கிரான் பெண்ணுக்கும் அதுதான்.

எனக்குத் தெளிக்கும்போது சால்வை நழுவியது. மஞ்சள் தண்ணீர் சடைகளில் வழிந்தது. பின்னால் ஒருத்தி: "ஐயோ, சடை விழுந்திருக்கு பாருங்க! அம்மன்ட சடை!"

குரவை. ஒருத்தி தொடங்க, ஐம்பது பேர். அம்மா அப்படியே மண்ணில் விழுந்து என் காலைப் பிடித்தார்.

"இது ஜெனி ஊசியால போட்டது" என்று கத்தினேன். உடுக்குச் சத்தத்தில் ஆருக்குக் கேட்கும்? கேட்டவர்களும், நான் அம்மன் ஏறிய சன்னதத்தில் கத்துகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஜூன் 5, வியாழன்

காலை. மீன்காரர் சைக்கிளை நிறுத்தி அம்மாவிடம் விசாரிக்கிறார். அம்மாவின் பதிலை ஜன்னலால் கேட்டேன்.

"ஒரே ராத்திரியில விழுந்த சடை. படுக்கக்குள்ள பின்னலோட படுத்த புள்ள. விடியப் பாத்தா இப்பிடி."

ஒரே ராத்திரியா? மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. கடி தாங்காமல் நான் தலையணையில் தேய்த்ததை அம்மா பார்க்கவில்லையா? அவிழ்ந்த சடைக்காக நான் குளியலறையில் அழுதது கேட்கவில்லையா? காகக்கூடு என்றது ஆர்? எல்லாம் தெரிந்துகொண்டு, கண் இமைக்காமல், முழுப் பொய். மீன்காரர் கைகூப்பிவிட்டு ஒரு கிலோ செல்வன் மீனை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதை வாங்கிச் சமைத்தும் விட்டார். நான் சாப்பிடவில்லை. மதியம் கடையில் கொத்துரொட்டி.

ஜூன் 7, சனி

முழுகவேண்டிய நாள். கிணற்றடியில் அம்மா வழியை மறித்து நிற்கிறார். சாமிச் சடைக்கு ஷாம்பூ போடக்கூடாதாம். தண்ணீரே படக்கூடாதாம். சாம்பிராணிப் புகை மட்டுமாம்.

"முழுகாட்டி நாறும் அம்மா. பேன் வரும். இறுகவும் மாட்டாது."

"அம்மன் பாத்துக்கொள்ளுவா."

ஆஹா. அம்மன் பேன் பார்ப்பா.

ஷாம்பூவோடு தன்னாமுனைக்குப் போய் ஜெனி வீட்டில் முழுகினேன். வெட்டிவிடட்டா என்று கேட்டேன். அவள் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இப்ப வெட்டினா உனக்குப் பைத்தியம் எண்டுவாங்க. ஊருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் உன்ட தலையிலதான் போடுவாங்க. பேசாம இரு."

போன மாதம் வெட்டு வெட்டு என்று ஊர் முழுக்க நின்றது. இந்த மாதம் வெட்டக்கூடாது. இரண்டு மாதமும் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் பொறுக்கவேண்டும் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அவிழும், சுருங்கும், கடிக்கும், கோணலாக வளரும், எல்லாம் தெரிந்துதான் இறங்கினேன். இது மட்டும் எந்த வீடியோவிலும் இல்லை.

ஜூன் 11, புதன்

ஸ்டூடியோ. முதலாளி, உள்ளே இரு என்றவர், இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டுத் தருகிறார். வியாபாரத்துக்கு நல்லதாம்! போகவில்லை. பழைய இடத்திலேயே இருந்து வேலை செய்தேன்.

பின்னேரம் வேலிக்கு அப்பால் யோகம் மாமி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி:

"புள்ள, வெள்ளிக்கிழமை அவரக் கூட்டிக்கொண்டு வாறன். உன்ட அம்மா வாக்குக் கேக்க வரச் சொன்னா."

"மாமி, எனக்கு ஒரு வாக்கும் தெரியா. இது…"

"தெரியும்கா. நீ ஊசி போடுறத வேலிக்கால எத்தின நாள் பாத்திருக்கன். எனக்குக் கண் இல்லயா?" வேலியை ஒட்டி வந்தார். "ஆனா அவர் நம்புறார். ராவைக்கு நித்திரை இல்ல. அம்மன் சொன்னாப் போவன் எண்டுறார். நீ அண்டைக்குச் சொன்னதத்தான் சொல்லன். வேற ஒண்டும் வேணாம்."

உள்ளே வந்துவிட்டேன். சொன்னால் அம்மாவின் பொய்க்கு நானே முத்திரை குத்தியதாகும், பிறகு இந்தத் தலை எந்தக் காலத்திலும் என்னுடையது இல்லை. சொல்லாவிட்டால் அங்கே தர்ஷினி. எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்குக் காட்டித் தந்தவள். சாப்பாடு தாறாங்க இல்லம்மா.

மாமியிலும் கோபம். இதை என்னிடம் கேட்டிருக்கக்கூடாது. வேறு ஆரிடம் கேட்பார்?

ஜூன் 13, வெள்ளி

நடந்தது.

அம்மா முற்றத்தில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, கர்ப்பூரம் வைத்திருந்தார். ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மாமா வெள்ளை வேட்டியோடு, சட்டை இல்லாமல், கைகட்டி நின்றார். மே மாதம் என்னைத் தலையை இழுத்துக் கட்டச் சொன்ன அதே மாமா. இப்போது நிலத்தைத்தான் பார்க்கிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அவர் கூப்பிய கையைப் பார்த்ததும் ஏறியது பாருங்கள் ஒரு கோபம், அடிவயிற்றிலிருந்து. உடம்பு நடுங்கியது. தலைமுடி முகத்தில் விழுந்தது. கத்தினேன்.

"கொழும்புக்குப் போ! முறைப்பாடு குடு! பாஸ்போட் கொப்பிய, அவ வேல செய்யிற வீட்டு நம்பர எடுத்துக்கொண்டு போ! அந்த ஏஜென்ட நம்பாத! எத்தின தரம் சொல்லுற உனக்கு?"

"போறன் தாயே. நாளைக்கே போறன் தாயே."

நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். குரவை. மாமி அழுதார், அது நடிப்பில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மன் வந்ததாம். அப்படி நடுங்கினேனாம். அது அம்மன் இல்லை, நான். அன்றைக்குச் சொன்ன அதே சொல். மனுசியாகச் சொன்னேன், மரியாதையாகச் சொன்னேன், கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

மாமி வந்து சொன்னார். கொழும்பில் முறைப்பாட்டை எடுத்திருக்கிறார்கள். குவைத்திலுள்ள தூதரகத்துக்கு அறிவிப்பார்களாம். தர்ஷினியிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் ஆகலாமாம், கூடவும் ஆகலாமாம். அந்த ஏஜென்ட் போனை நிறுத்தி வைத்திருக்கிறான். மாமா இப்போது தினமும் தானே கொழும்புக்குப் போன் எடுத்துச் சண்டை பிடிக்கிறாராம்.

நல்லது. நடக்கட்டும். நடந்த விதத்தில்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

ஜூன் 20, வெள்ளி

மழை வரும்போல் இருட்டி, வராமல் போனது. வாக்குக் கேட்க வாசலில் காலையிலேயே பதினொரு பேர். வவுணதீவுச் சந்தி வரை கதை போய்விட்டது. பின்பக்கத்தால் வேலைக்குப் போனேன்.

ஒரு சடை அடிமுதல் நுனி வரை நன்றாகத் திரண்டிருக்கிறது, இடது காதுக்குப் பின்னால். விரலுக்குள் கயிறுபோல உருளுகிறது. எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று. ஆருக்குச் சொல்ல?

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். வேண்டுமென்றே சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் பாயிலேயே விட்டேன். ஈரத் துவாயை அம்மாவின் கட்டிலில் எறிந்தேன். கறிக்கு உப்புக் கூட என்று முகத்தைச் சுளித்தேன். முந்தி என்றால் இதில் ஒன்றுக்கே தெருவுக்குக் கேட்கும்.

அம்மா கோப்பையை எடுத்தார். துவாயை எடுத்துக் கொடியில் போட்டார். கறியைச் சூடாக்கி வரட்டுமா என்று கேட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கதிரையில் இருக்கவுமில்லை, கதவோரம் நின்றார்.

"ஏசுங்களன் அம்மா" என்றேன். "மூதேவி எண்டு ஏசுங்க. நான் சுபாதானே."

அம்மா கையைக் கூப்பிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.