கெய்லன் அண்ணனின் வரிக்கு நேரே எழுதியது

டேட்டன், ஒஹாயோ
மே 19

அன்புள்ள கெய்லன் அண்ணனுக்கு,

இமானி எழுதுகிறேன். நீங்கள் எங்கள் கூடைப்பந்து அணிக்கு வந்த முதல் வருடம் எங்கள் வீட்டு அடித்தள அறையில் தங்கியிருந்தபோது, உங்கள் எழுத்துப்பிழைகளைத் திருத்தி "டீச்சரம்மா" என்று பெயர் வாங்கிய ஒன்பது வயதுப் பெண். இப்போது எனக்குப் பதினைந்து. நீங்கள் மேக்கன் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதாகவும், பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும் அம்மா சொன்னாள். மிகவும் மகிழ்ந்தேன்.

ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற, அணியின் ஜெனரல் மேனேஜர் வேலைக்கு மூன்று பேரைப் பார்க்கிறார்கள். அதில் அப்பாவும் ஒருவர். பதினொரு வருடம் உதவியாளராக இருந்தவருக்கு இதைத் தவிர வேறு கனவு கிடையாது. அணியின் உரிமையாளர் திருமதி ஹால்வர்சன் எல்லோரிடமும் ஒரே பட்டியலைக் கேட்டிருக்கிறார்: யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள், யாரைக் கொடுத்து யாரை வாங்கினீர்கள், பிறகு என்ன ஆயிற்று? அப்பா சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன்.

தவறுகளையும் அவர் மறைக்கவில்லை. நடுவில் உங்கள் வரி வந்தது. "கெய்லன் ப்ரூவரைக் கொடுத்தோம். பதிலுக்கு, கல்லூரி வீரர்களை எடுக்கும் முதல் சுற்றில் ஓர் இடம். அதில் வந்தவர் இன்றைய அணித்தலைவர். விளைவு: மிகச் சிறப்பு." பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்குத்தான் கை ஓடவில்லை.

அந்தப் பிப்ரவரி மதியம் நினைவிருக்கிறதா? அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு மூன்று மணியோடு முடியவிருந்தது. நீங்கள் எங்கள் மேசையில் பீன்ஸ் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே, "என்ன டீச்சரம்மா, உங்கப்பா என்னைத் தள்ளி விட்ருவாரா?" என்று கேட்டீர்கள். "உங்களையா? அப்புறம் எங்க வீட்டு மிச்சச் சோறெல்லாம் யாரு தின்பாங்க?" என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

எனக்கு அப்போதே தெரியும், அண்ணா. முந்தின நாள் மாலை அப்பா கார் கொட்டகையில் போனில் பேசியதைக் கேட்டிருந்தேன். "அந்த முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்காது. இப்பவே கை மாத்திடணும்" என்றார். மூன்று மணிக்கு முன்பே தொலைக்காட்சியில் உங்கள் பெயர் ஓடியது. அப்பாவின் போன் உங்களுக்கு அதற்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தது. நீங்கள் உங்கள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள்.

மறு குளிர்காலத்தில் முட்டி போயிற்று.

போன வாரம் அப்பாவிடம் கேட்டேன். "டாக்டருங்க எடுத்த படத்துல ஒண்ணுமே தெரியலம்மா. நம்ம வீட்டுப் படியில அவன் இறங்குறதப் பாத்துதான் கண்டுபிடிச்சேன். காலைல வலது காலை எப்பவும் பின்னாடிதான் வைப்பான்" என்றார். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அவனை யாரும் எடுத்திருக்க மாட்டாங்க" என்றார்.

திருமதி ஹால்வர்சனுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை கேட்டு வருபவர் முன்பு வேறு அணிக்கு அனுப்பிவிட்ட ஆட்டக்காரர் ஒருவரை அவரே போனில் அழைத்துப் பேசுவார். அப்பாவுக்காக அவர் அழைக்கப்போவது உங்களை. வியாழக்கிழமை. "கெய்லன் நல்லவன், நல்லதாத்தான் சொல்லுவான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அது உண்மைதான். ஆனால் நீங்கள் எதுவும் தெரியாமல் நல்லது சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அப்பாவுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடுகிறேன். இரண்டும் எப்படிச் சேரும் என்று எனக்கே புரியவில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் அது நியாயம்தான். எனக்காக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

உங்களுக்கும் அண்ணிக்கும் குழந்தைக்கும் எல்லா நலமும் கிடைக்கட்டும். பதில் எழுத மனம் வந்தால் வீட்டுக்கு வேண்டாம், உறையின் பின்னால் உள்ள பள்ளி முகவரிக்கு எழுதுங்கள். ஜூன் ஐந்து வரை பள்ளி நூலகத்தில் இருப்பேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டிய,
இமானி