வலது தோளில் எடுத்த அச்சு

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. ஆறு இருக்கிற இடத்தில் ஒரே வெள்ளை. அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. வலது தோள் இன்றைக்கும் பிடித்துக்கொண்டது.

வாங்க: தைலம் (நேற்றும் எழுதியிருக்கிறேன்), பிளாஸ்டர், அம்மாவுக்கு ஊக்கு.

காலேஜ் கடைசி வருடச் சிற்பத்துக்கு அப்பாவின் வலது கையை அச்செடுத்தேன். பக்கவாதத்தில் விழுந்த கை. எண்ணெய் தடவி, பிளாஸ்டர் ஊற்றிக் காத்திருந்தேன். இறுகும்போது பிளாஸ்டர் சூடாகும். முதல் வருடத்துப் பாடம். அந்தக் கைக்குச் சூடு தெரியாது என்பது மட்டும் என் மரமண்டையில் ஏறவில்லை.

"சுடுதாப்பா?"

"சரி."

"சுடலைல்லா?"

"சரி."

உடைத்து எடுத்தால் புறங்கை முழுக்கச் சிவப்பு. அம்மா ஈரத்துணியோடு ஓடி வந்தாள். "ஏட்டி, மார்க்கு வேணும்னா உன் கையப் போட்டு வேகவை. அவுக கைதான் கெடச்சுதா?"

கொப்புளம் வரவில்லை. அந்த மட்டுக்கும் பிழைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

விழுந்த நாளிலிருந்து அப்பாவிடம் மிஞ்சியிருப்பது 'சரி' என்கிற ஒரு சொல்தான். பசிக்கும் அதே, வலிக்கும் அதே, டிவியை நிறுத்தினாலும் அதே. பி.டி. வாத்தியாராக இருந்த காலத்தில் ஹெட்மாஸ்டருக்கே ஒரு நாளும் சரி சொல்லாத மனிதர். ஆண்டவனுக்கும் குசும்பு உண்டு.

சாயங்காலம் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர், ஆப்பிளோடு. ஒருவன் இப்போது போலீஸ். "ஸார், தெரியுதா ஸார்? உயரம் தாண்டுவேன்லா?" அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் போகும்வரை திரும்பவே இல்லை. போலீஸ்காரன் வாசலில் செருப்பு மாட்டும்போது மூக்கைச் சிந்தினான்.

அம்மா ஆப்பிளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "பாத்தியா? யாரும் பாக்கது அவுகளுக்குப் பிடிக்கல. நீ என்னடான்னா செலையாச் செஞ்சு ஊரக் கூட்டிக் காட்டப் போறேன்னு சொல்லுத."

"நான் கேட்டுட்டேம்மா. சரின்னுட்டாவ."

"ஆமா, பெரிய சரி."



பிப்ரவரி 9, திங்கள்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. களிமண் சீக்கிரம் காய்கிறது.

கை அச்சு வேண்டாமென்று விட்டாயிற்று. காலேஜில் சிற்பம் சொல்லித்தரும் மேடத்திடம் அப்பாவின் களிமண் தலையைக் காட்டினேன். மீசை, முன்வழுக்கை, கோணிய வாய், எல்லாம் அச்சு அசல். சுற்றிலும் காலி மாத்திரை அட்டை ஒட்டியிருந்தேன். மேடம் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மதி. ஆனா மாத்திரை அட்டைய இப்ப எல்லாரும் ஒட்டுதாங்க. ஒங்கப்பா இருக்காங்க. இதுல நீ எங்க இருக்க?"

நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தால்தானே.

தலையை உடைத்து மண்ணைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். வருத்தமாக இல்லை. அந்தக் கோணிய வாயை யாரும் பார்க்கப் போவதில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பஸ்ஸில் தூக்கம். கண்டக்டர் எழுப்பினார். "தாயி, சீவலப்பேரி வந்துட்டு. மூட்டையப் பாத்துப் பைய எறக்கு."

பிப்ரவரி 11, புதன்

தலைக்குக் குளிக்க நேரமில்லை. தைலம் இல்லை.

காலையில் அப்பாவைத் தூக்கும்போது வலித்தது பாருங்கள், அப்போதுதான் உறைத்தது. (யாரைப் பாருங்கள் என்கிறேன்? இதை யார் படிக்கப் போகிறார்கள்.) அவருடைய நல்ல கை, இடது கை, தினமும் என் வலது தோளில்தான் விழுகிறது. மொத்த பாரமும் அங்கேதான். மேடம் கேட்டதற்குப் பதில் அதுதான்.

களிமண்ணைத் தடியான சப்பாத்தி மாதிரி தட்டி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டேன்.

"கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு?" என்றாள் அம்மா. என்றாலும் பின்னால் வந்து நின்று மண் நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

எப்போதும்போல் தூக்கினேன். அப்பா அழுத்திப் பிடித்தார். எடுத்துப் பார்த்தால் மேலே அவர் முன்னங்கை போன பள்ளம், நான்கு விரல் குழி. கீழே என் தோளின் காறை எலும்புத் தடம். நடுவில் விரல் கனத்துக்கு மண். முகம் இல்லை, விழுந்த கையும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு யாரென்றே தெரியாது.

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மண் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்தாயிற்று. பிளாஸ்டருக்குள் அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசல். அடியில் அவர் படுத்துத் தேய்ந்த கோரைப்பாயில் ஒரு துண்டு. முதுகு ஒடிகிறது.

கூடப் படிக்கிற இசக்கி ரசாயனப் பசை கொடுக்க வந்தான். "என்ன இது, கழுதைச் சேணமா?" என்றான். சிரித்தேன். தப்பாகச் சொல்லவில்லை.

என்னவோ குறைந்தது. கட்டில் பக்கத்து ஆணியில் அப்பாவின் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிலிலும் மழையிலும் அவர் கழுத்தில் கிடந்த ஸ்டீல் விசில். எடுத்துப் பள்ளத்தின் விளிம்பில் ஒட்டிவிட்டேன். அழகாக உட்கார்ந்தது.

அவரைக் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றுதானே சொல்லப் போகிறார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளைக்குக் காலேஜில் வைக்க வேண்டும். இன்றைக்கு வந்து பார்த்தால் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. பிய்ந்த வேட்டி நூல் தொங்குகிறது. விசிலைக் காணோம். அப்பா மடியெல்லாம் வெள்ளைத் தூள்.

அம்மா அந்தத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். "கிட்டக் கொண்டான்னு கையக் காமிச்சாவ. பாக்கத்தான் போறாவன்னு மடியில வச்சேன். மொதல்ல கைய அந்தக் குழியில வச்சாவ. காலம்பற உன் தோள்ல வைப்பாவல்லா, அப்படி. பொறவு விசிலப் புடிச்சு இழுத்தாவ பாரு, நான் தடுத்தும் விடல."

கத்திவிட்டேன். "நாளைக்கு வைக்கணும்ப்பா! இத்தன நாள் பாடு!"

அப்பா சரி என்று சொல்லவில்லை. விசில் இடது கைக்குள். விரலைப் பிரிக்கப் போனேன். முஷ்டியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு என்னை முறைத்தார். மைதானத்தில் முறைப்பாரே, அதே முறைப்பு. விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் 'மாட்டேன்' இது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் இல்லை.

தரையில் உட்கார்ந்து கேட்டேன். "விசில் ஒங்களுக்கு. இந்தச் சேணத்த நான் கொண்டு போகட்டுமா? எல்லாரும் பாப்பாங்க."

பார்த்தார். முஷ்டி தளர்ந்தது. கை நீண்டு வந்து அந்தப் பள்ளத்தை ஒரு தரம் தடவியது.

"சரி."

மாட்டேன் சொல்லத் தெரிந்தவர் சொல்லும் சரி. இதை நம்பலாம்.

பிப்ரவரி 18, புதன்

பனி குறைவு. சேணத்தைப் போர்வையில் சுற்றியாயிற்று. இசக்கி ஆட்டோவோடு வருகிறான். உடைந்த விளிம்பைப் பூசவில்லை. மேடம் கேட்டால், அது அப்பா செய்தது என்று சொல்ல வேண்டும்.

தைலம்.

உள்ளே என்னவோ சத்தம். முதலில் குக்கர் என்று நினைத்தேன். இல்லை. ஒரு பக்க உதடு மூடாமல் பாதிக் காற்று வெளியே போகிற விசில். மறுபடியும்.

அம்மா அடுப்படியிலிருந்து: "ஏட்டி, எழுதுனது போதும். ஒன்னயத்தான் கூப்புடுதாவ!"