இடது பிரேக்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மலைச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் இப்போது என் வேலை. நேற்று முதலாளியோடு புதுப் பாதை பார்க்கப் போனேன். ஆற்றங்கரை இறக்கத்தில் பழக்கதோஷத்தில் இடது பிரேக்கை அழுத்திவிட்டேன். நம் ஊரில் அது பின்சக்கரத்துக்கு, இங்கே முன்சக்கரத்துக்கு. சைக்கிள் குட்டிக்கரணம் அடித்து ஆற்றோடு போனது. நான் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினேன். வேர் மெல்லப் பெயர்ந்துகொண்டிருந்தது. முதலாளி ஓடிவந்து இழுத்துப் போட்டார். சின்னச் சிராய்ப்புதான்.

இரண்டு பைஜாமா அனுப்புங்கள். எலாஸ்டிக் வைத்தது போதும், ஒற்றைக் கையால் நாடா கட்ட வரவில்லை.

முதலாளிக்கு நம் மொழி தெரியாது. "அம்மான்னு கத்தினியே, அந்த ஆளும் விழுந்துட்டாரா?" என்று தண்ணீரில் தேட ஆரம்பித்துவிட்டார். நீங்கள் இங்கே இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவசரத்தில்,
உங்கள் சின்னவன்