கோமுகிப்பட்டணத்து ரயில்

நேற்று பேத்தி சென்னையிலிருந்து வந்தாள். அங்கே பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலை ஓட்டுகிறவள் என் பேத்திதான். இந்தத் தெருவில் அதை நான் சொல்லாத வீடு இல்லை. என் முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டவள், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் விரித்தாள்.

"ஆயா, இதான் ரயிலு போற தடம். ஒவ்வொரு கலரும் ஒரு தடம். புள்ளியெல்லாம் ஸ்டேஷன்."

ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் அந்தத் தாளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் அப்பன் பிறப்பதற்கு முன்பே இப்படி ஒன்றை, அடி சிநேகிதி, நீயும் நானும் மண்ணில் போட்டுவிட்டோம். எண்ணெய் வாசனையும் அந்தப் படமும் ஒன்றாக வந்ததில், ஒரு கோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

"இன்னா ஆயா, புரியலியா?"

"புரியுது. நீ போயி சாப்புடு."

எங்கள் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைக்குக் களை வெட்ட நீ காலனியிலிருந்து வருவாய். கொல்லை எங்களுடையது, கூலி உனக்கு. ஆனால் இருவரும் ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். சீமையில் மண்ணுக்கு அடியில் ரயில் ஓடுகிறது என்று வாத்தியார் சொன்னதை நான் மறந்துபோனேன், நீ மறக்கவில்லை. மதியத்தில் மர நிழலில் குந்தி, களைக்கொத்தின் முனையால் கோடு இழுத்தாய். உரித்த மல்லாட்டைத் தோலை அதன்மேல் வரிசையாக வைத்து, "இதெல்லாம் ஸ்டேஷன்" என்றாய். அந்த ரயில் ஓடும் ஊருக்கு நம் கோமுகி ஆற்றின் பெயரையே வைத்தோம், கோமுகிப்பட்டணம் என்று.

முதல் தடம் எங்கிருந்து கிளம்புவது என்பதில் நமக்குச் சண்டை.

"எங்க கோயிலாண்டேர்ந்துதான் கெளம்பணும்" என்றேன்.

"ஏன், எங்க காலனிலேர்ந்து கெளம்பினா ஓடாதா? பஸ்ஸுதான் எங்களாண்ட நிக்காம போவுது. நம்ம ரயிலாவது நிக்கட்டும்டீ."

"காலனில ஏறி வரவங்க பக்கத்துல எங்கப்பா குந்துவாரா?"

"பூமிக்கு அடியில போறப்ப மேல எந்தத் தெருன்னு எவனுக்குத் தெரியும்?"

"கோயிலுக்கு அடியில கொடஞ்சா சாமி கோச்சுக்கும்."

"சாமிக்கு மொத டிக்கெட்டு ஓசின்னு சொல்லு. ஏறிக் குந்திக்கும்."

நான் தோற்றேன். அப்படித்தான் முதலாவது சோளத் தடம் காலனியில் கிளம்பி, கோயிலுக்கு அடியில் போய், சந்தையில் முடிந்தது. தடத்துக்கெல்லாம் நம் பக்கம் விளைவதன் பெயர்தான். இரண்டாவது மஞ்சள் தடம், ஆற்றோரமாகவே போகும். ஒரு மழையில் நம் கோடெல்லாம் கரைந்தபோது, "சுரங்கத்துல வெள்ளம் பூந்துட்ச்சி, மூணு மாசம் ரயிலு கெடையாது" என்று அறிவித்தாய். மூன்றாவது கடுக்காய்த் தடம், கல்வராயன் மலைக்கு உள்ளே போவது. மலைக்காரங்களைக் கேக்காம மலையைக் கொடையக் கூடாது என்று அதை அடிவாரத்திலேயே நிறுத்தினாய். அவர்கள் சம்மதிக்க இரண்டு அறுவடை ஆயிற்று. ஸ்டேஷனுக்குப் பெயர் வைப்பதுதான் என் வேலை. பட்டணத்தின் சரித்திரம் முழுக்க உன் தலைக்குள் இருந்தது. ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தாய்: "வச்ச ஸ்டேஷன எடுக்கக் கூடாது."

நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டேன். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகும் களை வெட்டு வந்தால் தடம் நீளும். தனியாக இருக்கும்போது என்னை "டீ" என்பாய். யாராவது வந்துவிட்டால் "ங்க" வந்துவிடும். அதைச் சொல்லிச் சிரிப்போம்.

பிறகு இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் படிப்பிலும் வேலையிலும் இடம் வேண்டும் என்று எங்கள் ஆட்கள் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். கேட்டது நியாயம், இன்றைக்கும் சொல்வேன். என் வீட்டுக்காரரும் கோடாலியோடு போனவர்தான். பஸ் நின்றது. போகப் போக எங்கள் தெருவும் உங்கள் காலனியும் பேச்சை நிறுத்திக்கொண்டன. வழியில் காலனி ஆட்களை மடக்கி அடித்ததாகவும் கேள்வி.

அந்த வாரத்தில்தான் உன் மகள் செல்விக்குச் சேலத்தில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்து, மறுநாள் காலையில் வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. சாயங்காலம் எங்கள் புழக்கடைப் பக்கம் வந்து நின்றாய். பின்னால் தகரப்பெட்டியோடு செல்வி.

"சின்னசேலம் போயி ரயிலு ஏத்திட்டா போதும்டீ. ரயிலு ஓடுதாம். ரோட்டுல எங்கள உடமாட்டாங்க. உன் வண்டியில, நீயும் கூட குந்திக்கினு வந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

உண்மைதான். என்னைப் பார்த்தால் மரத்தையே தூக்கி வழி விட்டிருப்பார்கள். ஆனால் அப்புறம் தெருவில் என்ன பேசுவார்கள், வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் எனக்கு ஓடியது.

"மாடு நொண்டுது" என்றேன்.

மாடு எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து முளைக்குச்சியைச் சுற்றி ஒரு நடை நடந்து, வைக்கோலை இழுத்தது. நீ அதன் நாலு காலையும் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"வேப்பெண்ண தடவுங்க" என்றாய்.

அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியும் "ங்க" என்றாய். அதற்குப் பிறகு போன ஐப்பசியில் கண் மூடும் வரைக்கும் நீ என்னை "டீ" என்று கூப்பிடவில்லை.

நீங்கள் போனதும் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே போய் வேப்பெண்ணெயை எடுத்துவந்து, நன்றாக இருந்த காலில் தடவினேன். வீட்டுக்காரர் வந்து, "காலுக்கு இன்னா?" என்றார். "நொண்டுது" என்றேன். இரண்டு நாள் வண்டி பூட்டவில்லை.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ரோட்டை விட்டு மலையோரமாகச் சுற்றி நடந்தீர்களாம். போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் சேலம் போனபோது, அந்த இடத்தை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். செல்வி அந்த வருஷமே கரும்பு வெட்டப் போனாள்.

எங்கள் ஆட்கள் கேட்ட இடம் பின்னால் கிடைத்தது. அதில்தான் என் பேத்தி படித்தாள். அவள் ரயில் ஓட்டுவதை நான் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தகரப்பெட்டி என் எதிரில் வந்து நிற்கும். செல்விக்கு இடம் போனது ரோட்டில் கிடந்த மரத்தால் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரத்தைச் சுற்றிப் போக வழி இருந்தது. அந்த வழி நான்தான்.

ராத்திரி பேத்தியிடம், "இந்தத் தடம் எங்க கெளம்புது?" என்று கேட்டேன். ஒரு புள்ளியில் விரல் வைத்துக் காட்டினாள். "அங்க யாரு குடியிருக்காங்க?" என்றேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் ஆயா? அடியிலதான போறோம்" என்றாள். நீ சொன்னதேதான்.

இன்று காலை களை வெட்ட ஆள் வந்தார்கள். செல்வியும் வந்திருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. மல்லாட்டைக் கொல்லை வரப்பில் நான் காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்து, களைக்கொத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"நொண்டுறீங்களேம்மா. வேப்பெண்ண தடவுங்க."

தடவியிருக்கேன் என்றேன். அன்றைக்கு மாடு நொண்டவில்லை என்பது நாக்கு நுனி வரை வந்து நின்றது. அவள் குனிந்து அடுத்த சாலுக்குப் போய்விட்டாள். அன்று பெட்டியோடு உன் பின்னால் நின்றவள் அவள்தானே. நினைவு வைத்துச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.