ராணியின் தாடையில் ஒரு கோடு

சிவமயம்

முத்தையன்கட்டு,
ஒட்டுசுட்டான்.
21.09.2025

அன்புள்ள மருமகள் தாட்சாயினிக்கு,

நானும் மாமியும் சுகமாக இருக்கிறோம். உன்னையும் உன் அண்ணன் குடும்பத்தையும் தான்தோன்றீஸ்வரர் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். தொலைபேசி இருக்க மாமா ஏன் கடதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். இந்த வீட்டில் தொலைபேசியை நான் கையில் எடுத்தால் போதும், மாமி பக்கத்தில் வந்து கதிரை போட்டுவிடுவார். பிறகு அவரே கதைத்து முடித்துவிட்டு, மாமாவும் சுகம் கேட்டதாகச் சொல்லி வைத்துவிடுவார். எனக்கு உன்னோடு தனியே கதைக்க வேண்டியிருக்கிறது. செல்வநாயகத்தின் மகள் கஜனி அடுத்த கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள். இதை உன் கையில்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சிறுபோக நெல் பிழையில்லை. யானை மட்டும் மூன்று தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மாமி வேலியடியில் நின்று அதை ஏசிய ஏச்சு குளக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அது வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவுக்குத் தரம் பார்க்க அனுப்பிய இரண்டு வெள்ளி ரூபாயும் வந்துவிட்டன. போன திங்கட்கிழமை தயாபரன் கொழும்புக்குப் போய் முகவரிடமிருந்து வாங்கி வந்தான். என் அக்காவின் மகனுக்குத் தன் டெலிபோன் கடையை விட இந்தப் பழங்காசுப் பைத்தியம்தான் பெரிது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. முடிவு எங்கள் பக்கம் இல்லை, பிள்ளை. அதை ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

விக்டோரியா ராணியின் தலை போட்ட இரண்டு ரூபாய்கள் எங்களிடம் இருந்தன. என் தகப்பனார் வேலணையை விட்டு இந்தக் குடியேற்றத்துக்கு வந்தபோது கொண்டுவந்தவை. இரண்டிலும் ராணியின் தாடையிலிருந்து விளிம்பு வரைக்கும் மயிர் போல ஒரு மேடான கோடு. வேறு எந்தக் காசிலும் நாங்கள் அதைக் கண்டதில்லை. 2009இல் சண்டையின் கடைசி மாதங்களில், மாத்தளனில் எங்கள் மகன் கிருசாந்தன் உன் காய்ச்சலுக்கு மருந்து தேடிப் புறப்பட்டபோது, கையில் ஏதாவது இருக்கட்டும் என்று மாமி அதில் ஒன்றை அவன் சாரத்து மடியில் முடிந்துவிட்டார். பிறகு வட்டுவாகலில் ஆமி ஆட்களை ஏற்றிய ஒரு பஸ்ஸில் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான்.

போன வருடம் குருநாகலில் ஒருவர் விற்பதற்காக முகநூலில் போட்ட ரூபாய்ப் படத்தில் தயாபரன் அதே கோட்டைக் கண்டான். 2016ஆம் ஆண்டில் தமிழ் கதைத்த ஒருவரிடம் வாங்கியதாக அந்த மனிதர் சொன்னார். வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை. மாமிக்கு அதுவே போதும். "பாத்தீங்களே, என்ரை பிள்ளை பதினாறாம் ஆண்டு வரைக்கும் உயிரோடை இருந்திருக்கிறான்" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அந்தக் காசை நாங்கள் வாங்கினோம். நீயும் நம்பினாய். நானும்தான் நம்பினேன். அவன் கை பட்டது என்று அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே வீட்டுக் காசா என்று அறிந்துவிட வேண்டும் என்றுதான் வெளிநாட்டுக்கு அனுப்பினோம்.

இரண்டையும் கண்ணாடி போன்ற தடித்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் திறக்க முடியாதபடி அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். மாமியிடம் இருந்த காசுக்குத் தரம் இல்லையாம். வருடாவருடம் புளி போட்டு மினுக்கியதால் அதன் இயல்பான மேல்தோல் போய்விட்டதாம். "ஊத்தையாய் வைச்சிருந்தால் நல்லதெண்டு எழுதியிருப்பாங்களோ" என்று மாமி முணுமுணுத்தார். குருநாகல் காசுக்கு நல்ல தரம் கிடைத்திருக்கிறது. பெரிய விஷயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்தக் கோடு காசில் விழுந்த கீறல் இல்லையாம். காசு அடித்த அச்சு வெடித்திருக்கிறது. வெடித்த நாளிலிருந்து அச்சை எறிந்த நாள் வரைக்கும் அதில் அடித்த ஒவ்வொரு காசிலும் அந்தக் கோடு இருக்கும். இரண்டும் அந்த அச்சில் பிறந்தவைதான். ஆனால் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுத் தயாபரன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்தான்.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. மாமி உடனே பிடித்துவிட்டார். "அப்ப முறுக்கு உரல் அச்சு வெடிச்சமாதிரி. பிழியிறதெல்லாம் அந்த வடுவோடைதான் வரும்" என்றார். எழும்பிக் குசினிக்குப் போனார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தேங்காய் உடைக்கும் கத்தியோடு திரும்பி வந்து, தன் காசிருந்த பெட்டியைக் கத்தியின் பின்புறத்தால் அடித்து உடைத்தார். "ஐயோ மாமி, உடைச்சால் பெறுமதி போயிடும்" என்று தயாபரன் கத்தினான். மாமி காசை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மற்றதைத் தொடவில்லை. "அது ஆரோ ஒரு பிள்ளையின்ரை. அப்பிடியே இருக்கட்டும். தேடிக்கொண்டு ஆரும் வந்தால் குடுப்பம்" என்று சாமியறையில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பூ வைக்கிறார்.

அன்று சாப்பிடும்போது மாமி சொன்னதைக் கேள். "இது அவன்ரை இல்லையெண்டால், அவன் தன்ரையை விக்கேல்லை. இன்னும் மடியிலைதான் வைச்சிருக்கிறான்." சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டார். முடிவு வந்தால் ஒரு வழியில் மாமியின் மனம் ஆறும் என்று எண்ணியிருந்தேன். இப்போது மறுபடியும் முதலில் இருந்து தொடங்கிவிட்டார். புதன்கிழமை முல்லைத்தீவில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு நிற்கும் தாய்மாரோடு அவன் படத்தோடு நிற்கப் போகவேண்டுமாம். நானும் கூடப் போவேன். பெற்றவள் காத்திருக்கட்டும். அதை நிறுத்த நான் யார்?

ஆனால் நீ காத்திருக்க வேண்டாம், பிள்ளை. பாலன் தம்பியின் சம்பந்தத்துக்குக் காசின் முடிவு வந்த பிறகு பதில் சொல்வதாக நீ சொன்னதை உன் அண்ணன் எனக்குச் சொல்லிவிட்டான். அவனைக் கோபிக்காதே. முடிவு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையைப் பற்றி நானும் விசாரித்தேன். மனைவியை இழந்தும் குடிக்காமல் தன் மகளை வளர்க்கிறவர் என்று பளையில் அவருடைய சொந்தக்காரர் சொன்னார்கள். ஓம் என்று சொல்லிவிடு.

உன் காய்ச்சலால்தான் அவன் போனான் என்று நீ இன்னும் உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். போதும். உனக்குக் காய்ச்சல் இல்லாவிட்டால் அவன் வேறொருவருக்குத் தண்ணீர் தேடிப் போயிருப்பான். ஓரிடத்தில் இருக்கிற பிள்ளை இல்லை அவன். அவனைப் பற்றி ஒரு சொல்லை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. இந்தக் கடதாசியிலும் எழுத என் கைக்கு வரவில்லை. நீ விளங்கிக்கொள்வாய்.

தாலிக்கொடியை என்ன செய்வது என்று எங்களிடம் கேட்காதே. அது உன்னுடையது. மாமிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். கோபிப்பார், ஒரு மாதமோ இரண்டு மாதமோ உன்னோடு கதைக்கமாட்டார். பிறகு பாலன் தம்பியின் மகளுக்கு எள்ளுருண்டை அனுப்ப ஆள் தேடுவார். எனக்கு அவரைத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், பிள்ளை. வயிறு நிறையச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, உனக்கென்று ஒரு வீட்டில் இரு. இனிமேல் பாலன் தம்பியின் தகப்பனாரையும் நீ மாமா என்றுதான் கூப்பிடுவாய். அதுதான் முறை, எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. என்னையும் அப்படியே கூப்பிடு.

உன் நல்வாழ்வை வேண்டும்,
மாமா
க. தவராசா